கால் ஏன் மரத்துப்போகுது? ஒரு குழந்தையின் முதுகெலும்பும் சென்னையில் நடந்த ஒரு நீண்ட ஆராய்ச்சியும்

இந்த எபிசோடு கொஞ்சம் மருத்துவம், நிறைய வரலாறு. கேட்டவங்க பலர் எழுத்து வடிவம் வேணும்னு சொன்னதால, பேசினதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே போடுறேன்.

அமிர்தி தெரியுமா? வேலூர்லேர்ந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். ஜவ்வாது மலையோட அடிவாரம். 1967-ல ஆரம்பிச்ச ஒரு சின்ன உயிரியல் பூங்கா இருக்கு, மழை நல்லா பெஞ்சா அருவியும் உண்டு. வேலூர்ல காலேஜ் படிச்சவங்க ஒரு தடவையாவது பைக் எடுத்துக்கிட்டுப் போயிருப்பாங்க. அதுக்கு மேல மலைக்குள்ள போனா மலையாளி பழங்குடி மக்களோட ஊர்கள். பேரைக் கேட்டு கேரளான்னு நினைச்சுடாதீங்க. மலையை ஆள்பவர்கள்ங்கிற பொருள்ல வந்த பேர், பேசுறது தமிழ்.

இன்னிக்கு ஒரு குழந்தையைக் கற்பனை பண்ணிக்குவோம். நிஜக் குழந்தை இல்லை, நம்ம கதைக்காக ஒரு குழந்தை. அமிர்தி பக்கத்துல ஒரு வீடு. ஏழு வயசுப் பொண்ணு. கொஞ்ச நாளா ஓடி விளையாட மாட்டேங்குறா. சீக்கிரம் களைச்சுப் போறா. நடக்கும்போது கால் தட்டுது. கீழே கிடக்கிறதை எடுக்கணும்னா குனியாம, முதுகை நேரா வெச்சுக்கிட்டு குத்துக்கால் போட்டு உட்கார்ந்து எடுக்குறா. ராத்திரி தூக்கத்துல அலறி எழுந்திருக்கிறா. ஒரு நாள், “அம்மா, கால் மரத்துப்போச்சு”ன்னு சொல்றா. குளிப்பாட்டும்போது அம்மா கை முதுகுல போகுது. நடுமுதுகுல ஒரு எலும்பு மட்டும் துருத்திக்கிட்டு இருக்கு.

இந்தக் குழந்தைக்கு என்ன? இந்த ஒரு கேள்விக்கு வேலூரும் சென்னையும் எழுபது எண்பது வருஷமா பதில் தேடியிருக்கு. அந்தத் தேடல்தான் இன்னிக்குக் கதை.

முதல்ல ஊர்ல என்ன சொல்லியிருப்பாங்க? “எங்கேயாவது விழுந்திருப்பா.” இது நம்ம ஊர்ல மட்டும் இல்லை. இத்தாலிய மார்க்சிய சிந்தனையாளர் அந்தோனியோ கிராம்ஷி தெரியும் இல்லையா, முசோலினி சிறையில இருந்து குறிப்பேடுகள் எழுதினவர். 1891-ல சார்தீனியாத் தீவுல பிறந்தார். சின்ன வயசுலேயே அவர் முதுகு கூன் விழுந்துடுச்சு. வேலைக்காரப் பெண் கையிலேர்ந்து குழந்தை நழுவி விழுந்ததுதான் காரணம்னு குடும்பம் சொல்லிக்கிட்டே இருந்தது. முதுகு நிமிரணும்னு ஒரு பட்டையில கட்டி உத்தரத்துலேர்ந்து தொங்கவிட்டாங்களாம். கடைசியில 1933-ல, சிறையில இருக்கும்போது பரிசோதிச்ச மருத்துவர்தான் அதுக்குப் பேர் வெச்சார்: பாட்ஸ் நோய். அதாவது முதுகெலும்புக் காசநோய். நாற்பது வயசு தாண்டின பிறகு. அதுவரை ‘விழுந்த கதை’தான் மருத்துவ வரலாறு.

பாட்ங்கிறது பெர்சிவால் பாட். லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையோட அறுவை மருத்துவர். 1779-ல ஒரு சின்ன நூல் வெளியிட்டார், முதுகு வளைஞ்சவங்களுக்குக் கால் செயலிழந்து போறதைப் பத்தி. அதுல அவர் குழந்தைகளைப் பத்தி எழுதினது இன்னிக்கும் அப்படியே பொருந்தும். குழந்தை சீக்கிரம் களைக்கும், நகர விரும்பாது, தடுக்கித் தடுக்கி விழும், அப்புறம் நடக்கும்போது ஒரு கால் இன்னொரு காலோட குறுக்கே போகும், அதுக்கப்புறம் நிற்கவே முடியாது. நம்ம அமிர்திப் பொண்ணை நேர்ல பார்த்த மாதிரி இருக்கு. பாட்டுக்குக் கிருமி தெரியாது. ராபர்ட் காக் காசநோய்க் கிருமியை அறிவிச்சது 1882 மார்ச் 24-ல, ஒரு நூற்றாண்டு கழிச்சு. ஆனா அடியோ சுளுக்கோ இல்லை, எலும்பே உள்ளுக்குள்ள நோயுற்று அரிச்சுப் போகுதுன்னு பாட் பிடிச்சுட்டார்.

நோய் அவரைவிடப் பழசு. எகிப்துல நெஸ்பெரெஹான்னு ஒரு பூசாரியோட மம்மி, ஏறத்தாழ 3000 வருஷம் பழசு. முதுகெலும்பு நொறுங்கி வளைஞ்சிருக்கு, இடுப்புத் தசைக்குள்ள சீழ் இறங்கின அடையாளமும் இருக்கு. நம்ம பக்கம், மதுரையில கூன் பாண்டியன் கதை இருக்கே, சம்பந்தர் வந்து கூன் நிமிர்ந்து நின்றசீர் நெடுமாறன் ஆனார்ங்கிறது. அந்தக் கூனுக்கு எக்ஸ்ரே எடுக்க நான் தயாரா இல்லை. சொல்ல வர்றது இவ்வளவுதான்: கூனுங்கிறது நம்ம மொழியில ஒரு பட்டப்பேரா, ஒரு குணமாகவே கூட ஆகிப்போச்சு. ராமாயணத்துல மந்தரையைக் கூனின்னே சொல்றோம். அந்த முதுகுக்குப் பின்னாடி ஒரு நோய் இருந்திருக்கலாம்னு யாரும் யோசிக்கிறதில்லை.

சரி, குழந்தையை வேலூருக்குக் கூட்டிட்டுப் போவோம். வருஷம் 1950-னு வெச்சுக்குங்க. அப்போ இது வட ஆற்காடு மாவட்டம். ‘மரத்துப்போச்சு’ன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்ததும் அந்தக் காலத்து வேலூர் மருத்துவர் மனசுல முதல்ல என்ன வந்திருக்கும்? தொழுநோய். இந்த மாவட்டத்துல அது அவ்வளவு பரவலா இருந்தது. 1955-ல காட்பாடியை ஒட்டின கரிகிரியில ஒரு தொழுநோய் ஆராய்ச்சி நிலையமே தொடங்கினாங்க.

இங்கே பால் பிராண்ட் பத்திச் சொல்லாம தாண்ட முடியாது. வெள்ளைக்கார மிஷனரி பெற்றோருக்கு 1914-ல கொல்லிமலையில பிறந்தவர். இன்னொரு மலை! 1946-ல வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவரா வந்தார். தொழுநோயாளிகளோட விரல்கள் ஏன் குறைஞ்சு போகுதுன்னு தேட ஆரம்பிச்சார். நோய் விரலைத் தின்னுடுதுன்னுதான் அதுவரை எல்லாரும் நினைச்சாங்க. பிராண்ட் கண்டது வேற. நோய் நரம்பைக் கெடுக்குது, வலி போயிடுது. வலி இல்லாததால சுடுற பாத்திரத்தைப் பிடிச்சாலும் தெரியாது, காலில் ஆணி குத்தினாலும் தெரியாது. ராத்திரி எலி வந்து விரலைக் கடிச்சாலும் தூக்கம் கலையாது. விரல் போறது இப்படித்தான். வலிங்கிறது ஒரு வரம்னு உலகத்துக்கு வேலூர்லேர்ந்து சொன்னவர் அவர்.

ஆனா நம்ம குழந்தையோட மரத்துப்போதல் அந்த ரகமா? இதைப் பிரிச்சுப் பார்க்கிறதுதான் மருத்துவத் துப்பறிதல். நான் படிச்சதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமும் இதுதான், ஏன்னா இதுக்கு எந்த மெஷினும் வேண்டாம். கொஞ்சம் பஞ்சு, ஒரு ஊசி, ஒரு சின்ன சுத்தியல்.

தொழுநோயில உணர்ச்சி போறது தீவு தீவா இருக்கும். தோல்ல வெளிறின ஒரு படை, அதுக்குள்ள மட்டும் தொட்டா தெரியாது. இல்லைன்னா ஒரு நரம்பு போற பாதை முழுக்கப் போகும். முழங்கைக்குப் பின்னாடி தடவிப் பார்த்தா நரம்பு கயிறு மாதிரி தடிச்சுக் கைக்குத் தட்டுப்படும். முதுகுத்தண்டுக்குள்ள பிரச்சினைன்னா கதையே வேற. கால் விரல்லேர்ந்து பஞ்சால தொட்டுக்கிட்டே மேல வாங்க. தெரியலை, தெரியலை, தெரியலை... தொப்புள் பக்கத்துல, இல்லை மார்புக்குக் கீழே, ஒரு இடத்துல “ஆங், இப்போ தெரியுது”. வரப்பு போட்ட மாதிரி ஒரு எல்லை. அந்த எல்லைக்குக் கிட்ட, முதுகுத்தண்டுல ஏதோ நடந்துக்கிட்டு இருக்கு. இன்னொண்ணும் பார்ப்பாங்க. முழங்கால்ல சுத்தியலால தட்டினா கால் துள்ளும். உள்ளங்காலைக் கீறினா, கட்டைவிரல் கீழே மடங்குறதுக்குப் பதிலா மேல எழும்பும். இதை ஜோசப் பாபின்ஸ்கி 1896-ல பாரிஸ்ல சொன்னார். உள்ளங்காலைக் கீறி முதுகுக்குள்ள இருக்கிறதைக் கண்டுபிடிக்கிறது, நினைச்சா எனக்கு இன்னும் ஆச்சரியமா இருக்கு.

நடுவுல ஒரு சின்ன கிளைக்கதை. முதுகு இறுகிப்போறதுக்கும் கை கால்ல ஊசி குத்துற மாதிரி இருக்கிறதுக்கும் இந்தப் பக்கம் இன்னொரு காரணமும் உண்டு: தண்ணி. 1937-ல கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த ஷார்ட்டும் அவரோட சகாக்களும் அன்றைய சென்னை மாகாணத்தோட நெல்லூர் மாவட்டத்துல ஒரு விநோத நோயை விவரிச்சாங்க. முதல்ல உடம்புல ஒரு குறுகுறுப்பு, அப்புறம் இடுப்புப் பக்கம் முதுகெலும்பு விறைப்பு, கடைசியில முதுகே ஒரே கட்டையா ஆயிடும். கிணத்துத் தண்ணியில இருந்த ஃபுளோரைடுதான் காரணம். ஊர்க் குழந்தைகளோட பல்லுல இருந்த பழுப்புக் கறையும் அதே தண்ணியோட வேலைதான். ஜவ்வாது மலைக்கு அந்தப் பக்கம் தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு இது பழைய வரலாறு இல்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தோட முழுப் பேர்லேயே ‘ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு’ இருக்கு, 2013-லதான் அது தொடங்கிச்சு. ஆனா ஃபுளோரைடு எலும்பைப் பிடிக்கப் பல வருஷம் எடுக்கும். ஏழு வயசுல நடுமுதுகுல ஒரே ஒரு எலும்பு மட்டும் துருத்தாது. பிறவியிலேயே முதுகுத்தண்டு சரியா மூடாத குழந்தைகளும் உண்டு. முதுகுல ஒரு முடிக்கற்றை, ஒரு குழி, ஒரு கட்டின்னு அது பெரும்பாலும் பிறந்ததுலேர்ந்தே அடையாளம் காட்டும்.

அப்போ மிச்சம் இருக்கிறதுல முதல் சந்தேகம், காசநோய்.

டி.பி.ன்னா இருமல், நுரையீரல்னுதான் நமக்குப் பழக்கம். கிருமி நுரையீரல் வழியா உள்ளே வந்து ரத்தத்தோட போய் எங்கே வேணா உட்காரும். எலும்பு, மூட்டுகளைப் பிடிக்கிற காசநோய்ல ஏறத்தாழ பாதி முதுகெலும்புலதான். பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு முள்ளெலும்புகளோட முன்பகுதியை மெதுவா அரிக்கும். முன்பக்கம் சரிஞ்சா முதுகு முன்னாடி மடங்கும், பின்னாடி எலும்பு துருத்தும். அம்மாவோட கைக்குத் தட்டுப்பட்டது அதுதான். கூடவே சீழ். இந்தச் சீழ்க்கட்டியில சூடு இருக்காது, சிவக்காது, அதனால ‘குளிர்ந்த கட்டி’ன்னு மருத்துவர்கள் சொல்லுவாங்க. அந்தச் சீழும் எலும்புத் துண்டும் பின்னாடி தள்ளி முதுகுத்தண்டை அழுத்தும்போது கால் மரத்துப்போகுது.

இதுக்கு 1930, 40-கள்ல என்ன வைத்தியம்? படுக்கை. அவ்வளவுதான். ஐரோப்பாவுல குழந்தைகளைப் பிளாஸ்டர் தொட்டில்ல கிடத்தி, கடற்கரை மருத்துவமனைகள்ல வருஷக்கணக்கா வெயில்ல வெச்சாங்க. நம்ம ஊர்ல? மின்சார ரயில்ல குரோம்பேட்டை தாண்டினதும் ‘தாம்பரம் சானடோரியம்’னு அறிவிப்பு வருமே, அந்த சானடோரியம் இதோட வாரிசுதான். சௌரி முத்துங்கிற தமிழ் மருத்துவர் 1928-ல ஆரம்பிச்சது. அவர் அதுக்கு முன்னாடி இங்கிலாந்துல மெண்டிப் மலைப்பகுதியில சானடோரியம் நடத்தினவர். கணித மேதை ராமானுஜன் கொஞ்ச காலம் அங்கே நோயாளியா இருந்திருக்கார். 1937-ல தாம்பரம் சானடோரியம் அரசு கைக்கு வந்துச்சு. நல்ல காத்து, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. கேட்க நல்லா இருக்கு. ஆனா படுக்கைங்க எத்தனை, நோயாளிங்க எத்தனை? அமிர்திப் பொண்ணுக்குத் தாம்பரத்துல இடம் கிடைச்சு, ரெண்டு வருஷம் அம்மாவும் கூட இருந்தா, வீட்டுல மத்த குழந்தைங்களை யார் பார்ப்பா?

அதே சமயம் வேலூர்லயும் முதுகுத்தண்டு வைத்தியம் மாறிக்கிட்டு இருந்தது. 1949-ல ஜேக்கப் சாண்டி சி.எம்.சி.யில இந்தியாவோட முதல் நரம்பறுவைப் பிரிவைத் தொடங்கினார். ஆனா என்னை நிறுத்தி வெச்ச பேர் மேரி வர்கீஸ்.

கொச்சி பக்கம் செராயில 1925-ல பிறந்தவர், சி.எம்.சி.யில மருத்துவர். 1954 ஜனவரியில இளம் மருத்துவர்கள் சேர்ந்து உல்லாசப் பயணம் போன வண்டி விபத்துல சிக்குது. மேரியோட முதுகெலும்பு முறிஞ்சு, இடுப்புக்குக் கீழே செயலிழப்பு. அதுக்கப்புறம் பிராண்ட் தூண்டுதல்ல சக்கர நாற்காலியில உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்ய ஆரம்பிச்சார். யாருக்கு? தொழுநோயாளிகளோட கைகளுக்கு. அந்த மேசையை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. இந்தப் பக்கம் கால்ல உணர்ச்சி இல்லாத மருத்துவர், அந்தப் பக்கம் கையில உணர்ச்சி இல்லாத நோயாளி. அப்புறம் ஆஸ்திரேலியாவுலயும் நியூயார்க்கிலயும் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுத் திரும்பி வந்தார். 1966-ல வேலூர்ல மறுவாழ்வு நிலையம் திறந்தாங்க. முதுகுத்தண்டு அடிபட்டவங்க தங்கிப் பழகி, வீட்டுக்குப் போய் வாழக் கத்துக்கிற இடம். 1972-ல பத்மஸ்ரீ. 1986-ல மறைஞ்சார்.

ஏன் இவரைப் பத்தி இவ்வளவு? படுத்த படுக்கைதான் முடிவுங்கிறதை இந்த ஊர்ல முதல்ல உடைச்சவங்கள்ல ஒருத்தர் அவர். அதே உடைப்பு, வேற திசையில, சென்னையிலயும் நடந்தது.

1956. சென்னை சேத்துப்பட்டுல காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஆரம்பிக்குது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, நாலு பேரும் சேர்ந்து. தலைமை வாலஸ் ஃபாக்ஸ்ங்கிற பிரிட்டிஷ் மருத்துவர். அவங்க கேட்ட கேள்வி அப்போ கிட்டத்தட்ட அபச்சாரம்: மாத்திரை இருக்கும்போது சானடோரியம் எதுக்கு? நுரையீரல் காசநோய் உள்ள சென்னை ஏழைகளை ரெண்டு பிரிவாக் குலுக்கல் முறையில பிரிச்சாங்க. ஒரு பிரிவு சானடோரியத்துல. நல்ல சாப்பாடு, ஓய்வு, காத்து. இன்னொரு பிரிவு அவங்கவங்க வீட்டுல. நெரிசலான குடிசை, குறைஞ்ச சாப்பாடு, சிலர் வேலைக்கும் போனாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். மாத்திரை சாப்பிடுறாங்களான்னு பார்க்கத் திடீர்னு வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினாங்க, சிறுநீரைப் பரிசோதிச்சாங்க.

1959-ல முடிவு வந்துச்சு. வீட்டுல இருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானாங்க. வீட்டுல கூட இருந்தவங்களுக்கும் அதனால நோய் கூடுதலாத் தொத்தலை. சானடோரியங்களோட காலம் முடிஞ்சுதுன்னு உலகத்துக்குச் சொன்னது சேத்துப்பட்டு. ரயில் நிலையப் பேர் மட்டும் மிச்சம். (அந்த இடம் இன்னும் அரசு நெஞ்சக மருத்துவமனையா இயங்குது, அதை மறந்துடக் கூடாது.)

நுரையீரலுக்குச் சரி. முதுகெலும்புக்கு? இங்கேதான் எலும்பு மருத்துவர்கள் ரெண்டு கட்சி. 1956-ல ஹாங்காங்ல ஹாட்ஜ்சன், ஸ்டாக்னு ரெண்டு பேர் மார்பு வழியாப் போய், கெட்ட எலும்பை முழுக்கச் சுரண்டி எடுத்து, நல்ல எலும்புத் துண்டைப் பொருத்துற பெரிய அறுவையை வெளியிட்டாங்க. அபாரமான வேலை. ஆனா அதைச் செய்யத் திறமையான கை, மயக்க மருந்து நிபுணர், ரத்தம், தீவிர கவனிப்பு எல்லாம் வேணும். உலகத்துல முதுகெலும்புக் காசநோய் அதிகமா இருக்கிற ஊர்கள்ல அதெல்லாம் இல்லை. வாரணாசியில டூலி நடுவழி ஒண்ணு பிடிச்சார். எல்லாருக்கும் மருந்து, யாருக்கு அதுல முன்னேற்றம் இல்லையோ, யாருக்குக் கால் செயலிழப்பு சரியாகலையோ அவங்களுக்கு மட்டும் கத்தி. 1975-ல எழுதின அதுக்கு ‘மிடில் பாத்’னே பேர். காசிக்குப் பக்கத்துல சாரநாத்ல புத்தர் சொன்ன பேர்தான்!

பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு இதை விவாதமா விடாம சோதிச்சுப் பார்க்க 1963-ல ஒரு பணிக்குழு போட்டது. கொரியாவுல மசான் ஊர்ல, ஆறு மாசம் படுக்கையில வெச்சா நல்லதா? வித்தியாசம் இல்லை. பூசான்ல, ஒன்பது மாசம் பிளாஸ்டர் சட்டை போட்டா நல்லதா? வித்தியாசம் இல்லை. எத்தனை தலைமுறைக் குழந்தைகள் அந்தப் பிளாஸ்டருக்குள்ள அரிப்போட கிடந்திருக்கும்னு யோசிச்சா எனக்குக் கோபம்தான் வருது. தப்பு யார் மேலயும் இல்லை, ஆனா யாரும் ஒப்பிட்டே பார்க்கலையே. ஹாங்காங் அறுவைக்கு மட்டும் ஒரு தெளிவான லாபம் தெரிஞ்சது: முதுகு வளைவு கூடாம இருந்தது.

அடுத்த கட்டம் சென்னை. 304 நோயாளிகள். மூணு பிரிவு. ஒரு பிரிவுக்கு ஹாங்காங் மாதிரி பெரிய அறுவையும் ஆறு மாச மருந்தும். மத்த ரெண்டு பிரிவுக்கு அறுவை கிடையாது, படுக்கை கிடையாது. நடமாடிக்கிட்டே ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் மாத்திரை, ஒரு பிரிவு ஆறு மாசம், இன்னொரு பிரிவு ஒன்பது மாசம். பத்து வருஷம் பின்தொடர்ந்து 1999-ல அறிக்கை வெளியிட்டாங்க. அறுவைப் பிரிவுல 90 சதவீதம் பேர் நல்ல நிலையில. ஆறு மாச மாத்திரைப் பிரிவுல 94. ஒன்பது மாசப் பிரிவுல 99.

அமிர்திக்கு இது என்ன அர்த்தம்னு பாருங்க. மலை ஊர்ல இருக்கிற ஒரு குடும்பம் ஆடு மாட்டை விட்டுட்டு வருஷக்கணக்கா நகரத்துல கிடக்க வேண்டியதில்லை. குழந்தை வீட்டுல, பள்ளிக்கூடத்துல இருந்துக்கிட்டே குணமாகலாம். ஒரு நிபந்தனை, கால் முழுசா விழுறதுக்கு முன்னாடி வரணும். நடக்க முடியாத அளவுக்குச் செயலிழந்தவங்களை இந்த ஆய்வுல சேர்க்கலை.

இங்கேயே கதையை முடிச்சிருந்தா அழகான வெற்றிக் கதை. ஆனா அதே அறிக்கையில ஒரு ‘தவிர’ இருக்கு. இந்த மாத்திரை வைத்தியம் எல்லாருக்கும் நல்லா வேலை செய்யுது, தவிர, 15 வயசுக்குக் குறைஞ்சு, ஆரம்பத்துலேயே முதுகு வளைவு 30 பாகைக்கு மேல இருக்கிற குழந்தைகளுக்கு இல்லை. அவங்களுக்குக் கிருமி செத்துப்போச்சு, நோய் குணமாச்சு, ஆனா வளைவு கூடிக்கிட்டே போச்சு.

ஏன்னா குழந்தை வளருது. பெரியவங்களுக்கு நோய் ஆறினா எலும்பு எந்த நிலையில நிக்குதோ அப்படியே உறைஞ்சிடும். குழந்தைக்குப் பின்பக்க எலும்பு வளர்ந்துக்கிட்டே இருக்கும், அரிச்சுப்போன முன்பக்கம் வளராது. ஒரு பக்கம் மட்டும் வளர்ற கொடி மாதிரி வளைஞ்சுக்கிட்டே போகும். அது அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை. மார்புக்கூடு ஒடுங்கி மூச்சு குறையும். முதுகுத்தண்டு அந்த வளைவு மேல வில்லுல நாண் இழுத்த மாதிரி இழுபட்டு, நோய் ஆறிப் பத்து, இருபது வருஷம் கழிச்சு, கல்யாணம் ஆகிக் குழந்தை பெத்த பிறகு கூட, மறுபடியும் கால் மரத்துப்போகலாம். அப்போ எந்த மாத்திரையும் உதவாது. அந்த நிலையில செய்யுற அறுவை ரொம்பக் கஷ்டம், ஆபத்தும் கூட.

அப்படின்னா எல்லாக் குழந்தைக்கும் முதல்லேயே அறுவை செஞ்சிடலாமா? இதுக்குத்தான் எஸ். ராஜசேகரன் பதில் தேடினார். இன்னிக்குக் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனைன்னா தெரியாதவங்க இல்லை, அந்த ராஜசேகரன்தான். 1987-லேயே தன் பேராசிரியர் டி.கே. சண்முகசுந்தரத்தோட சேர்ந்து, ஆரம்பத்துல எவ்வளவு எலும்பு போயிருக்குங்கிறதை வெச்சுக் கடைசியில வளைவு எவ்வளவு வரும்னு கணக்கிடுற ஒரு எளிய சூத்திரத்தை வெளியிட்டிருந்தார். அப்புறம் 61 குழந்தைகளை 15 வருஷம் பின்தொடர்ந்து, 2001-ல முடிவைச் சொன்னார்.

அந்த முடிவு என்னை ஆச்சரியப்படுத்திச்சு. நோய் ஆறின பிறகு 39 சதவீதக் குழந்தைகளுக்கு வளைவு கூடிச்சு. 17 சதவீதத்துக்குப் பெரிய மாற்றம் இல்லை. 44 சதவீதக் குழந்தைகளுக்கு வளைவு தானாகவே குறைஞ்சது! அதே வளர்ச்சிதான் ஒரு குழந்தையை மடக்குது, இன்னொரு குழந்தையை நிமிர்த்துது. எல்லாருக்கும் கத்தி வெச்சிருந்தா, தேவையே இல்லாத எத்தனையோ குழந்தைகளோட மார்பைத் திறந்திருப்பாங்க. யாருக்கும் வைக்காம விட்டிருந்தா, பத்துல நாலு குழந்தை கூனோட பெரியவங்களாகியிருக்கும்.

யார் எந்தப் பக்கம் போவாங்கன்னு முன்கூட்டியே சொல்ல அவர் எக்ஸ்ரே படத்துல நாலு அடையாளங்களைப் பிடிச்சார். ‘ஆபத்தில் உள்ள முதுகெலும்பு’ அடையாளங்கள்னு உலகம் முழுக்க எலும்பு மருத்துவர்கள் படிக்கிறாங்க. முதுகெலும்போட பின்பக்கச் சின்ன மூட்டுகள் ஒண்ணை விட்டு ஒண்ணு விலகியிருக்கா? நோயுற்ற எலும்பு பின்னாடி தள்ளப்பட்டிருக்கா? மேல் எலும்பு கீழ் எலும்பிலேர்ந்து பக்கவாட்டுல நகர்ந்திருக்கா? மேல் எலும்பு தலைகுப்புறக் கீழ் எலும்பு மேல சாயுதா? ஒவ்வொண்ணுக்கும் ஒரு மதிப்பெண். ரெண்டைத் தாண்டினா அந்தக் குழந்தையோட முதுகு வளர வளர மடங்கும், அதனால இப்போவே அறுவை செஞ்சு நிறுத்திடணும். ஏழு வயசுக்குக் குறைஞ்ச குழந்தை, மூணு அல்லது அதுக்கு மேல எலும்பு போயிருக்கு, நடுமுதுகுலன்னா கூடுதல் கவனம்.

இப்போ நம்ம அமிர்திப் பொண்ணு இன்னிக்கு வேலூருக்கு வந்தா? முதல்ல அதே பஞ்சும் சுத்தியலும். அப்புறம் எம்.ஆர்.ஐ., ஏன்னா எலும்போட சுண்ணாம்புச் சத்து ஏறத்தாழ மூணுல ஒரு பங்கு போற வரைக்கும் எக்ஸ்ரேயில ஒண்ணும் தெரியாது, எம்.ஆர்.ஐ. அதுக்கு முன்னாடியே காட்டிடும். ஊசி போட்டுக் கொஞ்சம் திசு எடுத்து ஜீன் எக்ஸ்பர்ட் கருவியில பார்ப்பாங்க. கிருமி இருக்கா, ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத ரகமான்னு சில மணி நேரத்துல சொல்லும். 2010-ல உலக சுகாதார நிறுவனம் ஒப்புதல் கொடுத்த பரிசோதனை அது. மாத்திரை அரசாங்கத்துல இலவசம்.

ஆனா மாத்திரை முடிஞ்ச பிறகு வர்ற நாலு அடையாளங்களைத் தேட அந்தப் பெரிய கருவிகள் எதுவும் வேண்டாம். முன்பக்கம் ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு, ரெண்டு சாதாரண எக்ஸ்ரே. குழந்தையோட வளர்ச்சி நிக்குற வரைக்கும், காய்ச்சல் இல்லை, வலி இல்லை, பள்ளிக்கூடத்துல ஓடி விளையாடுறா என்கிற வருஷங்கள்லயும், மலையிலேர்ந்து பஸ் பிடிச்சு வந்து அந்த ரெண்டு படத்தை எடுத்துக்கிட்டே இருக்கணும்.